ஜப்பான்: பார்த்து வருவதா, பழகி வருவதா?



வெளிநாட்டுப் பயணம் என்றால் வளைகுடா நாடுகளுக்குப் பொருள் தேடிச் செல்வதும், ஹஜ், உம்ராவுக்காகப் புனித மக்கா செல்வதும், மலேசியா, சிங்கப்பூரிலுள்ள உறவினரைக் காணச் செல்வதுமே நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கமாக இருந்து வந்தது. இன்று அந்த எல்லை விரிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். அவர்களைக் காணப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் செல்கின்றனர்.

அவ்வாறு சென்று திரும்பியவர்களிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வானளாவிய கட்டடங்களைச் சொல்வார்கள். விரைவு ரயிலைச் சொல்வார்கள். ஃபூஜி மலையின் முன் எடுத்த படத்தைக் காட்டுவார்கள். "ஜப்பானியர் வீட்டில் ஒருவேளையேனும் அமர்ந்தீர்களா?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலோர் இல்லையென்றே தலையசைப்பர். "உணவு நமக்கு ஆகாது, குளியல் முறை ஆகாது, தொழ இடம் கிடைக்காது" என்ற அச்சத்தினால் விடுதி அறையில் ரொட்டியும் ஊறுகாயுமாக முடங்கித் திரும்பியவர்கள் ஒரு சாரார். "போன இடத்தில் எல்லாம் பார்க்க முடியுமா?" என்று பேணுதலைக் காற்றில் பறக்கவிட்டவர்கள் மற்றொரு சாரார்.

இவ்விரண்டும் தேவையற்றவை. மார்க்க வரம்பையும் மீறாமல், உபசரிப்போர் மனத்தையும் புண்படுத்தாமல், அம்மக்களின் அன்றாட வாழ்க்கையை அருகிருந்து காண வழியுண்டு. அங்கே பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் குடும்பத்துடன் மூன்று வாரங்கள் தங்கியவன் என்ற முறையில், செல்லவிருக்கும் உங்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

புறப்படும் முன்

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை டோக்கியோ, கியோட்டோ பகுதிகளில் செர்ரி மரங்கள் பூக்கின்றன. நவம்பரில் இலைகள் செந்நிறம் கொள்கின்றன. இவ்விரு பருவங்களும் இனிமையானவை. ஆனால், கூட்டமும் கட்டணமும் மிகுந்தவை. ஜூன் மாதம் மழைக்காலம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புயல்கள் வருவதுண்டு. ஏப்ரல் இறுதியில் தொடங்கும் தொடர் விடுமுறை வாரத்திலும், ஆகஸ்டு நடுவில் வரும் ஓபோன் நாட்களிலும், ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டியும் நாடே சொந்த ஊர் திரும்பும். அந்நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. வாழ்க்கையைக் காண விரும்புவோருக்கு மே மாத நடுப்பகுதியும் அக்டோபர் இறுதியும் ஏற்றவை.

இந்தியக் குடிமக்களுக்கு முன்கூட்டியே விசா தேவை. பெட்டி கட்டும்போது நம் பெண்மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உப்புக்கண்டம் உள்ளிட்ட எந்த இறைச்சிப் பொருளையும் ஜப்பானுக்குள் கொண்டு செல்ல இயலாது. பழங்களையும் பச்சைக் கறிவேப்பிலையையும் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவர். பொடி வகைகள் போதும். நம் ஊரில் எளிதாக வாங்கும் சளி, இருமல் மருந்துகளுள் சில அங்கே தடைசெய்யப்பட்டவை; வழக்கமாக மருந்து உண்போர் மருத்துவரின் சீட்டுடன், முன்னதாகவே தூதரகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட். இரண்டு தட்டைக் கம்பிகள் கொண்ட செருகியே பொருந்தும்.

எங்கே தங்குவது?

பெருநகர விடுதியில் இரண்டு இரவு தங்கிக் களைப்பாறுங்கள். பிறகு 'மின்ஷுக்கு' எனப்படும் குடும்பத்தார் நடத்தும் தங்குமிடத்தைத் தேடுங்கள். வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கி, தாங்கள் சமைத்த உணவையே பரிமாறுவர். 'ரியோகான்' என்பது அதனினும் சிறந்த உபசாரமுடைய மரபுவழி விடுதி. கட்டணமும் அதற்கேற்ப மிகுதி. கிராமப்புறங்களில் விவசாயி வீட்டில் தங்கி வயல் வேலையில் பங்குகொள்ளும் ஏற்பாடும் உண்டு. 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சாதாரண வீட்டாரும் பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கு 180 நாட்கள் வரை விருந்தினரைத் தங்கவைக்கலாம். பதிவு பெற்ற வீட்டையே தேர்ந்தெடுங்கள்.

மரபுவழி வீட்டைக் காண ஷிரகாவா-கோ கிராமம் ஏற்றது. தகாயாமா ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம். தொழுகைக்குப் பின் கையேந்துவதுபோல அல்லாமல், இரு கைகளைக் குவித்துக் கும்பிடுவதுபோல் செங்குத்தாய் நிற்கும் புற்கூரை வீடுகள் அங்குள்ளன. கனத்த பனி கூரையில் தங்காமல் சரிந்து விழுவதற்கே அந்தச் சாய்வு. 1995-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீட்டின் கூரையை மாற்ற ஊரே திரண்டு உழைக்கும். அடுத்த முறை அவ்வீட்டார் பிறர் கூரைக்குச் செல்வர். 'யுயி' என்பது இக்கூட்டுழைப்பின் பெயர். அங்குள்ள சில வீடுகளில் இரவு தங்கவும் முடியும்.

வாசற்படியில் தொடங்கும் ஒழுங்கு

ஜப்பானிய வீட்டின் நுழைவாயிலில் தாழ்ந்த பகுதியொன்று இருக்கும். காலணிகளை அங்கே கழற்றி, முனை வாசலை நோக்கியிருக்குமாறு வைத்துவிட்டு மேலேறுங்கள். உள்ளே அணிய மெதுசெருப்புத் தருவார்கள். 'தத்தாமி' என்னும் கோரைப்பாய் விரித்த அறைக்குள் அதனையும் அணியலாகாது. கழிவறைக்கென்று தனிச்செருப்பு உண்டு. அதைக் கழற்ற மறந்து அறைக்குள் வருவது அவர்கள் முகம் சுளிக்கும் பிழை. பாயில் அமர்ந்து, பாயில் உண்டு, பாயில் படுத்துப் பழகிய நமக்கு இவ்வீடு அந்நியமாகத் தோன்றாது. அறையின் அளவையே இத்தனை பாய் என்றுதான் சொல்வார்கள். ஒரு பாய் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது; ஒருவர் தொழுவதற்குத் தாராளமாகப் போதும். இரவில் மெத்தையை விரித்துக் காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிடுவர்.

விடுதியில் தரும் 'யுகாத்தா' என்னும் அங்கியை அணிந்தால், இடப்பக்கத் துணி மேலே வருமாறு அணியுங்கள். வலப்பக்கம் மேலே வருவது அவர்களிடத்தில் இறந்தவருக்கு உடுத்தும் முறை.

குளியல்: எல்லையும் வழியும்

ஜப்பானியர் வீட்டில் தொட்டிநீர் உடலைக் கழுவுவதற்கன்று. முதலில் தொட்டிக்கு வெளியே அமர்ந்து, சோப்பிட்டு, நன்றாகக் கழுவிவிட்டே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அதே நீரில் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராய்க் குளிப்பர். எனவே நுரையோடு இறங்காதீர்கள். குளித்தபின் நீரைத் திறந்துவிடாதீர்கள். விருந்தினருக்கே முதல் முறை தரப்படுவது வழக்கம்.

வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்களில் நிலைமை வேறு. அங்கே ஆண்களும் பெண்களும் தனித்தனியாகவே குளிப்பர் எனினும், ஆடையின்றி இறங்குவதே விதி. அவ்ரத்தைப் பேணும் நமக்கு அது ஆகாது. துண்டு கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்குவதும் அவர்களது ஒழுங்குக்கு மாறானது. இரண்டுக்கும் இடையே நல்வழி ஒன்றிருக்கிறது. பல ஊற்று ஊர்களில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் குறிப்பிட்ட நேரம் பூட்டித் தரும் தனிக்குளியலறை உண்டு. 'கஷிகிரி' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் இல்லையெனில், ஆடையோடு அமர்ந்து முழங்கால் வரை நனைக்கும் 'அஷியு' என்னும் கால்நனைப்புத் தொட்டிகள் பல ஊர்களில் இலவசமாகவே உள்ளன. எங்கள் வீட்டாரின் மூட்டுவலிக்கு அதுவே பெரும் ஆறுதலாய் இருந்தது.

கழிவறையைப் பற்றிக் கவலை வேண்டாம். நீர் பீய்ச்சித் தூய்மை செய்யும் இருக்கைகள் நெடுநாளாக அங்கே விற்பனையில் உள்ளன. இன்று வீடுகளிலும் பொது இடங்களிலும் பரவலாக உள்ளன. நீர்கொண்டு சுத்தம் செய்யும் நம்மவர்க்கு ஐரோப்பியப் பயணத்தில் நேரும் இடர்ப்பாடு இங்கில்லை.

உணவில் கவனிக்க வேண்டியவை

பன்றி இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பது எளிதென்று எண்ணுவீர்கள். கண்ணுக்குத் தெரியும் பன்றி இறைச்சி சிக்கலன்று. கண்ணுக்குத் தெரியாதவையே சிக்கல். 'ராமென்' சேமியாவின் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் காய்ச்சப்படுகிறது. 'மிரின்' என்பது இனிப்புச் சுவைக்காகச் சேர்க்கும், மது கலந்த சமையற்பொருள். மீன் வறுவலிலும், காய்கறிக் குழம்பிலும், கோதுமைச் சேமியாவின் சாற்றிலும் அது இடம்பெறும். 'சாக்கே' என்னும் அரிசி மதுவும் சமையலில் புழங்குகிறது. சோயா சாற்றிலும் சில புட்டிகளில் கெடாதிருக்க ஆல்கஹால் தனியே சேர்க்கிறார்கள். ரொட்டி, பிஸ்கட்டுகளில் விலங்குக் கொழுப்பும், மிட்டாய்களில் ஜெலட்டினும் இருக்கலாம். ஹலால் முறையில் அறுக்கப்படாத கோழியும் மாடும் நமக்கில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, 'இதில் மது உண்டா?' என்று கேட்பது போதாது. மிரின் சேர்த்த உணவைச் சமைப்பவர், அதை மது என்று எண்ணுவதே இல்லை; உண்மையாகவே 'இல்லை' என்பார். 'மிரின் உண்டா? சாக்கே உண்டா? பன்றி எலும்புச் சாறா?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இவற்றை ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலங்களின் மேலுள்ள எழுத்தைக் கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதி படித்துக் காட்டும். ஹனஃபி மத்ஹபினர் மீன் தவிர்ந்த கடல் உயிரினங்களைத் தவிர்ப்பதால், அதனையும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு உண்பதற்கு என்னதான் இருக்கிறது? வெறுஞ்சோறு, உப்பிட்டுச் சுட்ட மீன், அவித்த முட்டை, சோயாக்கட்டி, கடற்பாசி, பழங்கள் என நிரம்பவே இருக்கின்றன. டோக்கியோவின் ஷின்-ஓகுபோ பகுதியிலும் கோபே பள்ளிவாசலைச் சுற்றிலும் ஹலால் கடைகள் உள்ளன.

வீட்டில் தங்குவதாயின், பல நாட்கள் முன்பே எழுதித் தெரிவியுங்கள். பரிமாறிய தட்டைத் தள்ளிவைப்பதைவிடப் பெரிய மனவருத்தம் அவர்களுக்கில்லை. மலைக்கிராமம் ஒன்றில் எங்களை ஏற்றுக்கொண்ட மூதாட்டியாருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். நாங்கள் சென்றபோது தம் சமையலறையிலுள்ள புட்டிகள் அத்தனையையும் மேசைமேல் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக என் மாணவர் படித்துச் சொல்லச் சொல்ல, ஆகாதவற்றைத் தம் கையாலேயே அலமாரிக்குள் வைத்தார். அன்றிரவு கடற்பாசி மட்டும் இட்டுக் காய்ச்சிய சாறும், உப்பு மீனும், தம் தோட்டத்து முள்ளங்கியும் பரிமாறினார். நம் கட்டுப்பாட்டைச் சுமையாகக் கருதுவார் என்று அஞ்சியிருந்த எங்களுக்கு, அது அவருக்கு விருந்தோம்பலின் ஒரு பகுதியாகவே தோன்றியது வியப்பளித்தது. மறைத்துச் சங்கடப்படுவதைவிட முன்னரே மரியாதையாகச் சொல்லிவிடுவதே மேல் என்பதை அன்று உணர்ந்தோம்.

உண்ணுமுன் 'இத்தாதாகிமாசு' என்றும், உண்டபின் 'கொச்சிசோசாமா' என்றும் அவர்கள் நன்றி கூறுவர். நாம் பிஸ்மி சொல்லித் தொடங்கிவிட்டு, அவர்களுக்கும் நன்றி சொல்லலாம். உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். இரண்டும் இறுதிச் சடங்கை நினைவூட்டுபவை. சேமியாவை உறிஞ்சி உண்பது குற்றமன்று.

தொழுகை

கிப்லா, நம் ஊரைப் போன்றே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசையில் அமைகிறது. தொழுகை நேரங்களில்தான் கவனம் வேண்டும். கோடையில் டோக்கியோவில் காலை நான்கரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஃபஜ்ரு நேரம் மூன்று மணிக்கு முன்பே தொடங்கிவிடும். டிசம்பரில் மாலை நான்கரை மணிக்கே மக்ரிபு வந்துவிடும். நம் ஊர் நேரத்தை மனத்தில் வைத்திருந்தால் தொழுகை தவறிவிடும்.

நரித்தா, ஹனேதா, கன்சாய் விமான நிலையங்களில் தொழுகை அறைகள் உள்ளன. பொது இடத்துக் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவது அங்குள்ளோருக்குப் பெரும் அருவருப்பைத் தரும். பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு தோலுறைமீது மஸ்ஹு செய்ய மார்க்கம் அனுமதித்திருக்கிறதே! அச்சலுகை இத்தகைய இடத்துக்கே பொருந்தும். கஸ்ரு, ஜம்உ பற்றி அவரவர் மத்ஹபின்படி புறப்படும் முன்பே ஆலிம்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் தொழ விரும்பினால் வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொழுங்கள். அமைதியாக விலகி இடம் தருவார்கள்.

வீதியிலும் ரயிலிலும்

டோக்கியோ – ஒசாகா இடையே 'ஷின்கான்சென்' 1964 அக்டோபர் 1-இல் ஓடத் தொடங்கியது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தூரத்தை இன்று இரண்டரை மணி நேரத்தில் கடக்கலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. ஆதலால் ஒரே வட்டாரத்தில் தங்குவோர் தனித்தனியாகச் சீட்டு வாங்குவதே சிக்கனம். நகர ரயில்களுக்குச் 'சுய்கா' போன்ற பண அட்டை ஒன்று போதும். பெரிய பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து மறு விடுதிக்கு அனுப்பிவைக்கும் 'தக்யூபின்' சேவை உண்டு. மறுநாளே வந்து சேரும்.

ரயிலில் கைபேசியில் பேசாதீர்கள். நெரிசல் நேரங்களில் பல தடங்களில் மகளிர்க்கென்றே தனிப்பெட்டி உண்டு. நம் பெண்மக்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பணியாளருக்கு அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் அறவே இல்லை. கொடுத்தால் பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள். தெருவில் குப்பைத்தொட்டி காண்பது அரிது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பல தொட்டிகள் அகற்றப்பட்டன. குப்பையை விடுதிக்கே கொண்டுவாருங்கள். தங்கும் வீட்டில் குப்பையை எப்படிப் பிரிப்பதென்று முதல் நாளே கேளுங்கள். கமிக்காட்சு என்னும் சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! காலையில் ஆறு வயதுக் குழந்தைகள் துணையின்றிப் பள்ளிக்கு நடப்பதையும், பள்ளியில் மாணவர்களே வகுப்பறையைத் துடைப்பதையும் காணும்போது, ஆசிரியனான என் மனத்தில் பல கேள்விகள் எழுந்தன.

நில அதிர்ச்சி ஏற்பட்டால் ஓடாதீர்கள். மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். காவல்துறைக்கு 110, தீயணைப்பு மற்றும் ஆம்புலன்சுக்கு 119.

தமிழருக்கு எளிதான மொழி

ஜப்பானிய எழுத்து கடினம். பேச்சு அத்தனை கடினமன்று. 'நான் தண்ணீர் குடிக்கிறேன்' என்று நாம் சொல்லும் அதே வரிசையில் 'வத்தாஷி வா மிசு ஓ நோமிமாசு' என்பார்கள். வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னே ஒட்டுவதும், வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'கா' சேர்த்துக் கேள்வியாக்குவதும் நமக்குப் பழகிய போக்குகளே. மொழியறிஞர் சுசுமு ஓனோ இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலார் அதனை ஏற்கவில்லை எனினும், பத்துச் சொற்றொடர் கற்றுச் செல்லும் தமிழர், வீட்டாரின் முகத்தில் மலர்ச்சியைக் காண்பார். பெயருக்குப் பின் 'சான்' சேர்த்து அழையுங்கள். உங்கள் பெயருக்கு நீங்களே சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

காணவேண்டிய மூன்று இடங்கள்

கோபே நகரப் பள்ளிவாசல் 1935-இல் திறக்கப்பட்டது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அதுவே. அங்கே வணிகம் செய்த இந்திய முஸ்லிம்களும், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய தாத்தாரியரும் பொருளுதவி செய்தனர். 1945 குண்டுவீச்சிலும், 1995 ஜனவரி நிலநடுக்கத்திலும் நகரம் சிதைந்தபோது அது நிலைத்து நின்றது. டோக்கியோவில் 1938-இல் தாத்தாரியர் எழுப்பிய பள்ளி பழுதடைந்து 1986-இல் இடிக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் துருக்கியக் கலையழகுடன் மீண்டும் எழுந்தது.

மூன்றாவது இடம் குஷிமோத்தோ. ஒசாகாவிலிருந்து தெற்கே ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அனுப்பிய 'எர்துக்ருல்' என்னும் போர்க்கப்பல், ஜப்பானியப் பேரரசரைக் கண்டு திரும்புகையில் 1890 செப்டம்பர் 16 இரவு புயலில் சிக்கி, இவ்வூரருகே ஓஷிமா தீவின் பாறையில் மோதி உடைந்தது. 500-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 69 பேரே தப்பினர். முன்பின் பார்த்திராத, மொழியோ சமயமோ அறியாத அம்மனிதர்களை ஏழை மீனவர்கள் தூக்கிச் சென்று, தங்கள் உணவையும் உடையையும் தந்து காத்தனர். இறந்தோரை மரியாதையுடன் அடக்கினர். நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் இன்றும் அங்குள்ளன. 95 ஆண்டுகளுக்குப் பின், 1985 மார்ச்சில், ஈரான் – ஈராக் போரின்போது தெஹ்ரானில் சிக்கித் தவித்த 215 ஜப்பானியரைத் துருக்கிய விமானங்கள் மீட்டு வந்தன.

திரும்பிய பிறகு

ஜப்பானில் 65 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காடு. கிராமங்களில் பிள்ளைகள் நகருக்குச் சென்றுவிட, முதியோர் மட்டுமே எஞ்சியிருக்கும் வீடுகள் பல. விருந்தினருக்கு அறை திறந்து வைப்பதில் வருமானத்தைவிடப் பேச்சுத்துணையை நாடுவோரும் உண்டு. ஆகவே செல்லும்போது சிறு அன்பளிப்பொன்றை இரு கைகளாலும் கொடுங்கள்; விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. பத்தமடைப் பாயில் செய்த சிறு விரிப்பை எங்கள் மூதாட்டியார் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாயின் அருமை பாயில் வாழ்பவர்க்கே தெரியும்.

ஊர் திரும்பியதும் கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். தங்கிய வீட்டாருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். ஒரு முஸ்லிம் குடும்பத்தை அவர்கள் வாழ்நாளில் கண்டது நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். உங்களுக்கடுத்துச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்த வீட்டின் கதவு திறப்பதும் திறவாதிருப்பதும் நீங்கள் விட்டுவந்த பெயரைப் பொறுத்தது.